எழுதிக் கொடுக்காத பேச்சு

ஜூன் மாதம் பள்ளி திறந்து, புத்தகமும் நோட்டும் கொடுத்து முடிப்பதற்குள் ஜூலை 15 வந்துவிடும். காமராசர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாள். அன்றைக்குப் பேச்சுப் போட்டி நடக்காத பள்ளிக்கூடம் தமிழ்நாட்டில் அநேகமாக இருக்காது. மூன்று நாள் கழித்து ஜூலை 18, தமிழ்நாடு நாள், அதற்கும் போட்டி. செப்டம்பரில் அண்ணா, பெரியார். அக்டோபரில் காந்தி, நவம்பரில் நேரு. தமிழ் வளர்ச்சித் துறை மாவட்டம்தோறும் நடத்தும் போட்டிகளில் முதல் பரிசு 5,000 ரூபாய், இரண்டாம் பரிசு 3,000, மூன்றாம் பரிசு 2,000; அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இருவருக்குச் சிறப்புப் பரிசு தனியாக உண்டு. 2022-23 முதல் பள்ளிக் கல்வித் துறையின் கலைத் திருவிழாவும் சேர்ந்துகொண்டது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போகும் போட்டி அது. ஆறு முதல் எட்டு வரை படிக்கிறவர்களுக்குத் தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள்.

நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தமிழ் ஆசிரியை. ஒன்று முதல் எட்டு வரை வகுப்புகள். பெற்றோரில் பாதிக்கு மேல் கூலி வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர்கள். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பேச்சுப் போட்டிக்குத் தயார் செய்வது பல வருடமாக என் பொறுப்பு. அதில் நான் மாற்றாமல் வைத்திருக்கும் விதி ஒன்றுதான்: எந்தப் பிள்ளைக்கும் பேச்சை எழுதிக் கொடுக்க மாட்டேன்.

நம் ஊர்ப் போட்டிகளில் நடப்பது என்ன என்று எல்லோருக்கும் தெரியும். ஆசிரியரோ அண்ணனோ பக்கத்து வீட்டு அக்காவோ இரண்டு பக்கம் எழுதித் தருவார்கள். பிள்ளை அதை ராப்பகலாக உருப்போடும். மேடையில் ஏறியதும், 'விருதுநகரில் குமாரசாமிக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாக 1903ஆம் ஆண்டு' என்று ஆரம்பிக்கும். அடுத்து வரும் பிள்ளையும் அதையே சொல்லும். இருபது பிள்ளைகள் பேசினால் காமராசர் இருபது முறை பிறப்பார். நடுவில் ஒரு சொல் மறந்துவிட்டால் அதோடு எல்லாம் போயிற்று. அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது சொற்களின் வரிசை மட்டும். வரிசை அறுந்தால் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் கையில் இல்லை. பன்னிரண்டு வயதில் நூறு பேர் முன்னால் அப்படி நின்ற பிள்ளை, பிறகு எத்தனை வருடம் ஆனாலும் மைக்கைத் தொடாது. இப்படி நின்ற பெரியவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

அணிக்கு ஆள் எடுக்கும்போது சத்தமாகப் பேசும் பிள்ளையை மட்டும் நான் தேடுவதில்லை. மதியச் சாப்பாட்டு வேளையில் முந்தின நாள் பார்த்த படத்தின் கதையைச் சுற்றி உட்கார்ந்தவர்களுக்குச் சொல்லும் பையன் ஒருவன் எல்லா வகுப்பிலும் இருப்பான். யாரும் எழுந்து போகாமல் கதையைக் கொண்டுபோக அவனுக்குத் தெரியும். எதைத் தள்ளிவைப்பது, எங்கே நிறுத்துவது என்பது யாரும் சொல்லிக் கொடுக்காமல் வந்திருக்கும். ரேஷன் கடையில் எடை குறைந்தால், 'இன்னொரு தடவை போடுங்கண்ணே' என்று நின்று கேட்கும் பெண்பிள்ளை இருப்பாள். எதைச் சொன்னாலும் 'அது எப்படி டீச்சர்?' என்று கேட்கும் ஒருவன் இருப்பான். அந்தக் கேள்விக்காரன் பேச மறுத்தாலும் அவனை அணியில் உட்கார வைத்துவிடுவேன். பேசுகிறவர்களுக்கு அவன் ரொம்பத் தேவை.

காமராசர் தலைப்பையே எடுத்துக்கொள்கிறேன். ஏழாம் வகுப்பில் ஒரு பெண். முதல் நாள் அவளிடம் கேட்டேன், 'காமராசரைப் பத்தி உனக்கு என்னம்மா தெரியும்?' 'படிக்காத மேதை டீச்சர். ஏழைப் பங்காளர். மதிய உணவு போட்டார்.' 'அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்ட ஆள் யாரையாவது தெரியுமா?' தெரியாது என்றாள். 'உங்க அப்பத்தாட்ட கேட்டுட்டு வா' என்று அனுப்பினேன்.

மறுநாள் காலையில் மணி அடிக்கும் முன்பே வந்து நின்றாள். அப்பத்தா பள்ளிக்கூடம் போனதே சாப்பாட்டுக்காகத்தானாம். மஞ்சள் மாவில் உப்புமா கிண்டிப் போடுவார்களாம், சில நாள் பவுடர் பால் கொடுப்பார்களாம். நாலாம் வகுப்போடு நின்றுவிட்டார்; வீட்டில் கைக்குழந்தையாக இருந்த தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் அந்த நாலு வருடத்தில் பெயர் எழுதக் கற்றுக்கொண்டார். இன்றைக்கும் முதியோர் பென்ஷனுக்குக் கைநாட்டு வைப்பதில்லை, கையெழுத்துத்தான்.

அந்த மஞ்சள் மாவு எது என்று அடுத்துத் தேடினோம். 1960களில் கேர் என்ற அமைப்பு வழியாக அமெரிக்காவிலிருந்து வந்த மக்காச்சோள மாவும் பால் பவுடரும் தமிழ்நாட்டுப் பள்ளிகளின் மதிய உணவில் சேர்ந்தன. அப்பத்தாவின் நினைவும் வரலாறும் ஒன்றாக வந்து பொருந்தியபோது அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! புத்தகத்தில் இருப்பது தன் வீட்டுக்குள்ளும் நடந்திருக்கிறது என்பதை ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும் அந்த நேரத்துக்காகவே இந்த வேலையைச் செய்கிறேன்.

'உலகத்துலேயே முதன்முதலா காமராசர்தான் பள்ளிக்கூடத்துல சாப்பாடு போட்டாருன்னு சொல்லலாமா டீச்சர்?' என்று கேட்டாள். பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்கும் எல்லாத் துண்டுத்தாளிலும் அப்படித்தான் இருக்கிறது. கேள்விக்காரன் விடவில்லை: 'அது எப்படி?' நூலகப் புத்தகங்களையும் என் செல்பேசியையும் வைத்துக்கொண்டு பிள்ளைகளே தேடினார்கள். 1920இல் சென்னை மாநகராட்சியில், நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் காலத்திலேயே, ஆயிரம்விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு முகம் வாடிவிட்டது. 'அப்போ காமராசர் பெருமை கொறஞ்சு போயிருமா டீச்சர்?' பதிலை நான் சொல்லவில்லை. இரண்டு நாள் அணிக்குள் அதே பேச்சுத்தான். கடைசியில் அவளே முடிவுக்கு வந்தாள்: ஒரு நகரத்தில் சில பள்ளிகளில் இருந்ததை 1956இல் மாநிலம் முழுக்கக் கொண்டுவந்ததுதான் காமராசர் செய்த பெரிய காரியம், நகரத்தில் மட்டும் இருந்திருந்தால் தன் அப்பத்தாவுக்கு அது கிடைத்திருக்காது.

துண்டுத்தாளில் இருக்கும் எந்த வரியையும்விட உறுதியான வாதம் இது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை தானாக வந்து சேர்ந்த இடம். பிறகு பேச்சு தானே வளர்ந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவுத் திட்டத்தில் அவள் அப்பா சாப்பிட்டிருக்கிறார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில், எங்கள் பள்ளியிலேயே மூன்றாம் வகுப்பு படிக்கும் அவள் தம்பி சாப்பிடுகிறான். ஒரே வீட்டில் மூன்று தலைமுறை, மூன்று தட்டு. அவள் பேச்சு இப்படித் தொடங்கியது: 'எங்கள் அப்பத்தாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும். அதற்குக் காரணம் ஒரு கரண்டி மஞ்சள் உப்புமா.' அரங்கில் பேசிக்கொண்டிருந்தவர்கள் அந்த இடத்தில் நிமிர்ந்து பார்த்தார்கள்.

இந்த முறையில் ஒரு பெரிய சிக்கல் உண்டு, அது மொழி. பிள்ளை வீட்டில் பேசுவது ஒரு தமிழ், மேடையில் எதிர்பார்க்கப்படுவது வேறு தமிழ். 'சாப்பாடு போட்டாங்க, எங்க அப்பத்தா போய்ச் சாப்பிட்டுச்சு' என்று வீட்டில் சொல்வதை மேடையில் அப்படியே சொல்ல முடியாது. எழுதிக் கொடுப்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டத்தான் எழுதிக் கொடுக்கிறார்கள். நான் பிள்ளையை முதலில் வீட்டுத் தமிழிலேயே முழுப் பேச்சையும் சொல்ல வைப்பேன். இரண்டு முறை, மூன்று முறை, விஷயம் கோவையாக வரும்வரை. அப்புறம் வினைச்சொல்லை மட்டும் மாற்றச் சொல்வேன். 'போட்டாங்க' என்பது 'போட்டார்கள்' ஆகும், 'சாப்பிட்டுச்சு' என்பது 'சாப்பிட்டார்' ஆகும். ஆச்சரியம் என்னவென்றால், வினைமுற்று திருந்தினால் வாக்கியத்தின் பெரும்பகுதி திருந்திவிடும். மிச்சச் சொற்கள் வீட்டிலிருந்து வந்தவையாகவே இருக்கட்டும். 'கரண்டி' என்ற சொல்லை எடுத்துவிட்டு அங்கே 'அமுதசுரபி' போட வேண்டியதில்லை.

மனப்பாடம் வேண்டாம் என்றால் மூன்று நிமிடப் பேச்சை எப்படி நினைவில் வைப்பது என்று பெற்றோர் கேட்பார்கள். எங்கள் ஊரிலிருந்து புதுக்கோட்டைக்குப் போகும் டவுன் பஸ் எந்தெந்த நிறுத்தத்தில் நிற்கும் என்று பிள்ளைகளுக்கு வரிசையாகத் தெரியும். பேச்சுக்கும் அப்படி ஐந்து நிறுத்தம் வைக்கச் சொல்வேன்: அப்பத்தா, மஞ்சள் மாவு, 1920, அப்பா, தம்பி. ஒவ்வொரு நிறுத்தத்திலும் என்ன சொல்ல வேண்டும் என்பது தெரியும். சொற்கள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும், மாறட்டும். தொடக்க வாக்கியமும் முடிவு வாக்கியமும் மட்டும் மாறக் கூடாது. மேடைத் தமிழில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 80, 90 சொற்கள் போகும். மூன்று நிமிடத்துக்கு 250 சொல் போதும். முன்னூற்றைம்பது சொல்லை அதில் திணித்தால் பிள்ளைக்கு மூச்சு வாங்கும், கேட்பவருக்கும் வாங்கும். அதனால்தான் தொடக்க வணக்கத்தையும் ஒரே வரியில் முடிக்கச் சொல்கிறேன். அவைத் தலைவர் அவர்களே, நடுவர் பெருமக்களே, ஆன்றோரே, சான்றோரே என்று அடுக்கிக்கொண்டே போனால் அரை நிமிடம் அதிலேயே கரைந்துவிடும்.

அடுத்தது குரல். எட்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் எழுத்துகளின் பிறப்பு என்று ஓர் இலக்கணப் பாடம் இருக்கிறது. பிள்ளைகள் அதைத் தேர்வுக்கு மட்டும் படிப்பார்கள். உண்மையில் அது குரல் பயிற்சிக்கான பாடம். தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்று ஓர் இயலையே இதற்கு ஒதுக்கியிருக்கிறார். ஒலிக்கு மூலமான காற்று கொப்பூழிலிருந்து மேலே எழுகிறது, நெஞ்சிலும் தொண்டையிலும் தலையிலும் நிலைகொள்கிறது, பிறகு பல்லும் உதடும் நாக்கும் மூக்கும் அண்ணமும் சேர்ந்து அதை எழுத்தாக்குகின்றன என்று முறையாகச் சொல்கிறார். இதையே நாங்கள் வேப்பமரத்தடியில் செய்து பார்ப்போம். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு மூச்சை இழுத்தால் கை முன்னால் வர வேண்டும். அந்த மூச்சில் ஒரு நீண்ட வாக்கியத்தை முடிக்க வேண்டும். தொண்டையால் கத்தும் பிள்ளைக்கு இரண்டாவது நாளே குரல் கட்டிவிடும்; வயிற்றிலிருந்து பேசும் பிள்ளை மைதானத்தின் அந்தக் கோடிக்கும் கேட்கும்படி பேசும், களைக்காது. அந்தக் கோடியில் ஒரு பிள்ளையை நிறுத்துவோம்; கேட்காவிட்டால் அது கையைத் தூக்கும், அவ்வளவுதான்.

லகர ளகர ழகரமும் அந்த மரத்தடியில்தான். 'ளகரம் வரலை' என்று பிள்ளையைத் திட்டிப் பயனில்லை. நாக்கு எங்கே போக வேண்டும் என்று காட்ட வேண்டும். லகரத்துக்கு நாக்கு மேல்பல்லின் அடிக்குப் போகிறது. ளகரத்துக்கு இன்னும் பின்னால், மேல்வாய்க்கு. ழகரத்துக்கு நுனி வளைந்து மேல்வாயை மெல்ல வருடுகிறது. கண்ணாடியைக் கையில் கொடுத்தால் சிரித்துக்கொண்டே ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

பேச்சுப் பயிற்சியில் பாதி கேட்கும் பயிற்சி. ஒரு பிள்ளை பேசி முடித்ததும் அணியில் மற்றவர்களில் ஒருவர் எழுந்து, கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். கேட்டவருக்கு நினைவில் நிற்காத பகுதியைப் பேசியவர் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் வெட்ட வேண்டும். இதைவிடக் கறாரான நடுவர் கிடையாது. போட்டிக்கு முந்தின வாரம் இரண்டாம் வகுப்புக்குள் போய்ப் பேச வைப்பேன். ஏழு வயதுப் பிள்ளைகள் மரியாதைக்காகக் கேட்க மாட்டார்கள். பிடிக்கவில்லை என்றால் சிலேட்டை எடுத்துக் கிறுக்க ஆரம்பித்துவிடுவார்கள். எந்த வரியில் சிலேட்டு வெளியே வந்தது என்று பேசிய பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

திருக்குறளில் அவையறிதல் 72ஆவது அதிகாரம், அவையஞ்சாமை 73ஆவது. வள்ளுவர் இந்த இரண்டையும் இந்த வரிசையில் வைத்திருப்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். எதிரே இருப்பவர் யார் என்று தெரிந்துகொண்டால் அச்சத்தில் பாதி போய்விடும். 'பயப்படாதே' என்று சொல்வது யாருக்கும் உதவாது. போட்டி நடக்கும் அரங்குக்குச் சீக்கிரம் போய், மேடையில் ஏறி நின்று பார்த்து, நடுவர் எங்கே உட்காருவார், சாப்பாட்டுக்கு எங்கே போவது, கழிப்பறை எந்தப் பக்கம் என்று எல்லாம் பார்த்துக்கொண்டு வந்தால் அந்த இடம் பிள்ளைக்குப் பழகிவிடும். மைக் எப்போதும் பெரியவர்கள் உயரத்துக்குத்தான் இருக்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எம்பி எம்பிப் பேசுவதை எல்லாப் போட்டியிலும் பார்க்கலாம். 'ஐயா, மைக்கைக் கொஞ்சம் இறக்கித் தாருங்கள்' என்று தெளிவாகக் கேட்பதையும் நாங்கள் பயிற்சி செய்வோம். இறக்கி வைக்கும்வரை பொறுத்து நின்று, ஒரு சாண் தள்ளி நின்று, ஒரு மூச்சு இழுத்துவிட்டுத் தொடங்க வேண்டும். அப்படிக் கேட்ட பிள்ளைக்கு அரங்கம் அப்போதே செவி கொடுத்துவிடுகிறது.

போட்டி நாளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காலை ஒன்பதரைக்கு வரச் சொல்வார்கள், சில நாள் எங்கள் முறை வர இரண்டு மணி ஆகிவிடும். எலுமிச்சைச் சாதமும் வெதுவெதுப்பான தண்ணீரும் கையோடு இருக்க வேண்டும். பெண்பிள்ளைகளை அனுப்ப வீட்டில் தயங்கினால் அம்மாவையும் கூடவே அழைத்துப் போய்விடுவேன். மகள் மேடையில் நிற்பதை ஒரு முறை பார்த்துவிட்ட அம்மா, அடுத்த முறை தயங்குவதில்லை.

அந்த மஞ்சள் உப்புமாப் பேச்சுக்கு வட்டாரத்தில் மூன்றாம் இடம். முதல் இரண்டு இடமும் உச்சக் குரலில், கையை ஓங்கி ஓங்கி, தொலைக்காட்சிப் பட்டிமன்றப் பாணியில் பேசிய பிள்ளைகளுக்குப் போனது. அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. கற்றுக் கொடுத்ததைத் திறமையாகச் செய்தார்கள். ஆனால் சத்தத்தை உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டு மதிப்பெண் போடும் வழக்கம் மாற வேண்டும் என்பதை அழுத்தமாகவே சொல்வேன். பிள்ளைகளின் தொண்டையையும் சிந்தனையையும் அது ஒருசேரக் கெடுக்கிறது. திரும்பி வரும் பஸ்ஸில் நடுவரைப் பற்றிப் பேசுவதில்லை என்பது எங்கள் அணியின் பழக்கம். பதிலுக்கு ஒவ்வொருவரும் வேறு பள்ளிப் பிள்ளையிடம் கேட்ட நல்ல விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்றைக்கு அந்தப் பெண் சொன்னது, முதல் பரிசு வாங்கிய மாணவி கடைசி வரிக்கு முன்னால் விட்ட இடைவெளியைப் பற்றி.

புதுக்கோட்டையில் இருப்பது இந்த முறைக்கு எனக்குக் கிடைத்த பெரிய துணை. 1991-92இல் அறிவொளி இயக்கம் இங்கே நடந்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். அப்போது ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியர். பெண் கல்வி என்று தலைப்புக் கொடுத்தால் மற்ற ஊர்ப் பிள்ளைகள் புத்தகத்தைத் தேட வேண்டும். எங்கள் பிள்ளைகள் அம்மாயியைக் கேட்டால் போதும். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் அம்மாயி ராத்திரி அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் படித்ததையும், பகலில் கண்மாய்க் கரையில் சைக்கிள் பழகி விழுந்து முழங்காலில் வாங்கிய தழும்பையும் பேசினான். இந்த ஊரில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, பையன்கள் மட்டும் படித்த மன்னர் கல்லூரியில் மன்னரின் அனுமதியோடு சேர்ந்ததையும், பின்னாளில் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை கண்டதையும் அதோடு சேர்த்துக்கொண்டான். பெண்கல்வி பற்றி ஒரு பையன் இவ்வளவு ஈடுபாட்டோடு பேசியதை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் சொல்வது இதுதான்: இந்த வருடப் போட்டிக்குப் பிள்ளைக்குத் தாள் கொடுக்காமல் கேள்வி கொடுங்கள். தாத்தாவிடமும் அப்பத்தாவிடமும் தெருவில் வேலை செய்பவரிடமும் கேட்டு வரட்டும். கேட்டதைப் புத்தகத்தில் சரிபார்க்கட்டும். பிறகு தன் வாயால் தன் முறையில் சொல்லட்டும். நடுவர்களுக்கும் போட்டி நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பிள்ளையும் பேசி முடித்ததும், அது பேசிய விஷயத்திலிருந்தே ஒரு கேள்வி கேளுங்கள். அதற்கு ஒரு நிமிடம் கொடுங்கள், மதிப்பெண்ணில் கால் பங்கை அந்தப் பதிலுக்கு ஒதுக்குங்கள். உருப்போட்டு வந்த பிள்ளையையும் யோசித்து வந்த பிள்ளையையும் பிரித்து அறிய அந்த ஒரு நிமிடம் போதும். பிள்ளைக்குத் துண்டுத்தாள் எழுதிக் கொடுப்பவர்களும் அதைத் தாமாகவே நிறுத்திவிடுவார்கள்.